பிரகாசிக்குத் தனிக் கிண்ணம்

மாதாவே துணை

பட்டினப்பாக்கம்,
சென்னை-28.
21-4-1996

அன்புள்ள என் வீட்டுக்காரர் மிக்கேல் அவர்களுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்காவும் சுகம். பிரகாசியும் சுகம் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அவளைப் பற்றித்தான். படகிலிருந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, அவசரமில்லாமல் படியுங்கள்.

நீங்கள் மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது அவளுக்கு ஏழு வயது. இப்போது ஒன்பது நடக்கிறது. ஆனால் நீங்கள் கிளம்பிய மாதம் தைத்த கவுன் இன்னும் அவளுக்குச் சரியாக இருக்கிறது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வயிற்றால் போகும். பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிவதற்குள் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். பூச்சி மருந்து கொடுத்தோம். இரத்தம் ஊற டானிக் கொடுத்தோம். ஒரு டாக்டர் பிரைமரி காம்ப்ளெக்ஸ், பிள்ளைகளுக்கு வரும் டி.பி. என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். உங்கள் அக்கா வேளாங்கண்ணிக்கு முடி நேர்ந்துகொண்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் அங்கே கடலில் இருக்கிறீர்கள், கவலைப்பட்டால் வலையில் கவனம் இருக்காது என்றுதான் பாதியை எழுதாமல் விட்டேன்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். சாம்பல் புதனன்று உபதேச வகுப்பில், பிள்ளைகள் அவரவருக்குப் பிடித்த ஒன்றைத் தவக்காலம் முடியும்வரை விட்டுவிட வேண்டும் என்று சொன்னார்களாம். ஒருத்தி மிட்டாய் என்றாள், ஒருவன் ஐஸ் என்றான். நம் பெண் பன்னை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்குப் பன் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் நான் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். அவளுக்குக் காலையில் டீக்கடைப் பன், சாயங்காலம் பொறை, வயிறு சரியில்லாத நாளில் பாலில் ரொட்டி. இதில்தான் அவள் வளர்ந்தாள். எதற்காக விடுகிறாய் என்று கேட்டேன். "நைனா கடல்ல பத்திரமா இருக்கணும்னு" என்றாள்.

விட்டாள் என்றால் சும்மா இல்லை. பிஸ்கட் நீட்டினால் அது பன்னுக்குத் தம்பி, வேண்டாம் என்பாள். ரொட்டி பன்னுக்கு அக்காவாம். காலையில் பழைய சோறும் கருவாடும் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். குருத்தோலை ஞாயிறு வந்தபோது வயிறு வடிந்திருந்தது. போக்கு நின்றிருந்தது. பவனியில் கோயிலிலிருந்து கடற்கரைவரை ஓட்டமும் நடையுமாகப் போய்த் திரும்பினாள், ஓரிடத்திலும் உட்காரவில்லை. உங்கள் அக்கா, மாதா நேர்ச்சையைக் கேட்டுக்கொண்டாள் என்று தெருவெல்லாம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பாஸ்கா வந்தது, தவக்காலம் முடிந்தது. பிள்ளை இத்தனை நாள் வாயைக் கட்டினாளே என்று அக்கா கேக்கும் பன்னும் வாங்கி வந்து கொடுத்தார்கள். அவளும் ஆசை தீரத் தின்றாள். அந்த வாரமே பழையபடி படுத்துவிட்டாள். "யார் கண்ணு பட்டுச்சோ, நல்லாத்தானே இருந்துச்சு கொயந்தை" என்று அக்கா அழுதார்கள். அழுதுகொண்டே, வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று ரொட்டி வாங்கப் போனார்கள்.

மறுநாள் மார்க்கெட்டில் சங்கராவுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவக்காலத்தில் வீட்டை விட்டுப் போனது எது, பாஸ்காவில் திரும்பி வந்தது எது? கையில் இருந்த மீனை அப்படியே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "நோயாளிக்குக் குடுக்கற ரொட்டிடி அது. அது இன்னாடி பண்ணும்?" என்றார்கள்.

ஷாஹுல் ஹமீது பாய் மருந்துக்கடையில் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆழ்வார்பேட்டையில் ஒரு லேடி டாக்டர் வந்திருக்கிறார், சண்டிகரில் பல வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவர், அவரிடம் போய் இதையே சொல் என்றார். டாக்டர் ஸ்ரீரஞ்சனி என்று பெயர். நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பன்னை விட்டப்போ சரியாச்சு, திரும்பக் கொடுத்தப்போ வந்துடுத்து. இதை நீங்களாவே கவனிச்சேளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்க ஆத்துலயும் ஜுரம்னா ரொட்டிதான்மா. யாருக்கும் சந்தேகமே வராது" என்றார். கோதுமையை ஏற்காத குடல் என்று ஒரு வியாதி உண்டாம். சீலியாக் என்று பெயராம். பஞ்சாபில் நிறையப் பிள்ளைகளுக்குப் பார்த்திருக்கிறாராம், இந்தப் பக்கத்தில் யாரும் அதைத் தேடுவதில்லையாம்.

ஆனால் பரிசோதனை செய்யாமல் முடிவு சொல்ல மாட்டாராம். அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாதாம். நிறுத்தினால் குடல் ஆறிவிடும், வியாதி தெரியாமல் போய்விடும் என்கிறார். அதனால் சில வாரமாவது அவளுக்கு நான் பன் கொடுக்க வேண்டும். அது அவளை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டே என் கையால் டீயில் நனைத்துக் கொடுக்கிறேன். "நீதானேம்மா இது ஆகாதுன்னே?" என்று கேட்கிறாள். டாக்டர் பார்க்கணும் என்றேன். சரி என்று தின்கிறாள். வேறு கேள்வி இல்லை.

இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜெசிந்தா


மாதாவே துணை

பட்டினப்பாக்கம்,
7-7-1996

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி.

ஆஸ்பத்திரியில் பிரகாசிக்கு வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து எள்ளளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். என் விரலை நசுக்கிவிடுவதுபோல் பிடித்துக்கொண்டாளே தவிர அழவில்லை. டாக்டர் ஸ்ரீரஞ்சனி சந்தேகப்பட்டதேதான். நம் குடலுக்குள் வெல்வெட் துணி மாதிரி நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்குமாம், அதுதான் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுமாம். நம் பெண்ணுக்கு அது தேய்ந்து சிமென்டுத் தரை மாதிரி ஆகியிருந்ததாம். என்ன போட்டாலும் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. நான் கொடுத்த முட்டையும் மீனும் எங்கே போகிறது என்று இரண்டு வருஷமாகத் தேடினேன், இப்போதுதான் தெரிந்தது.

மருந்து கிடையாதாம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதையும் ஆயுசுக்கும் தொடக் கூடாது. விட்டுவிட்டால் குடல் தானே துளிர்க்குமாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சோறும் மீனும் இருக்கிற வீட்டில பொறந்திருக்காம்மா. சப்பாத்தி தவிர வேற தெரியாத ஊர்ல பொறந்திருந்தா இந்தக் குழந்தை என்ன பாடுபட்டிருக்கும்?" என்றார். அழுகை நின்றுவிட்டது.

சமையலில் சில விஷயங்கள் தெரியாமலே உள்ளே வந்துவிடுகின்றன. கட்டிப் பெருங்காயத்தில் மைதா கலப்பார்களாம், அதனால் ரசத்துக்குப் பூண்டோடு சரி. கடையில் மீன் வறுக்கிறவர்கள் மொறுமொறுப்புக்கு மைதா தூவுகிறார்கள், அதுவும் இல்லை. சூட்டுக்கு நல்லது என்று உங்கள் அக்கா வைக்கும் பார்லிக் கஞ்சியும் போயிற்று. அதில்தான் அக்காவுக்குக் கோபம் அதிகம்.

எல்லாம் பார்த்துச் செய்தும், ஜூன் மாத மழைக்குப் பிறகு மறுபடி வயிற்றால் போக ஆரம்பித்தது. என்ன தின்றாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். சோறு, மீன், புட்டு. புட்டில் என்ன இருக்கிறது, அரிசிதானே? அடுத்த தடவை அரிசி அரைக்க மாவு மில்லுக்குப் போனபோது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த அம்மா கோதுமை அரைத்தார். அவர் மாவை வாரிக்கொண்டதும் அதே வாயில் என் அரிசியைக் கொட்டினார்கள். முதலில் விழுந்த மாவு வெள்ளையாக இல்லை, பழுப்பாக விழுந்தது. மில்காரர் பஞ்சாட்சரத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "காலைல மொத ஆளா வந்துடும்மா. நானே தொடச்சிட்டு உன் அரிசியப் போட்டுத் தரேன். அப்புறம்தான் மத்த சாமான்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. வயிறும் அடங்கிவிட்டது. டாக்டரிடம் சொன்னபோது, இனிமேல் வருகிற தாய்மார்களுக்கு இதையும் சொல்வேன் என்றார்.

வீட்டில் நான் காப்பாற்றிவிடுவேன். வெளியே அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்த்துக்கொள்கிறாள். டீக்கடைக்காரர் பழைய பாசத்தில் பன்னை எடுத்து நீட்டினால், "வாணாம் அண்ணா, எனக்குக் கோதுமை ஆகாது" என்று சொல்லிவிட்டு இட்லிக்கடைக்குப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் பிறந்த நாள் கேக்கைக் கையில் வாங்கிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறாளாம். முகத்தைத் தொங்கப் போடுவதில்லையாம். டீச்சர் என்னிடம் சொன்னார்கள்.

இனி கஷ்டமான விஷயம். செப்டம்பரில் மாதா பிறந்த நாள் திருவிழாவில் அவளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாகப் பூசையில் ஆண்டவரின் அப்பம் வாங்க வேண்டும். அந்த அப்பமும் கோதுமைதான்.

இதை நான் முதலில் உங்கள் அக்காவிடம்தான் சொன்னேன். அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "இன்னாடி பேசற? ஆண்டவர் உடம்பு கொயந்தைக்கு ஆகாதுன்னு எந்த டாக்டரு சொல்லிக்கினு கீறா? அது அப்பம் இல்லடி, ஆண்டவரு!" என்றார்கள். அது ஆண்டவர்தான் என்று நானும் விசுவசிக்கிறேன். டாக்டரிடம் கேட்டேன். "கோயில் விஷயம் எனக்குத் தெரியாதும்மா. குடலுக்குக் கோதுமை கோதுமைதான். ஒரு நாளோட போறதில்லையே, வாராவாரம் வாங்கணுமே" என்றார்.

நம் பங்குக் குரு இன்னாசி சாமியிடம் போனேன். பாவம், அவரும் குழம்பிவிட்டார். அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும், அரிசியில் செய்ய முடியாது, அது திருச்சபையின் சட்டம் என்றார். இந்த வருஷம் பிரகாசி நிற்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குக் கண் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டுப் போகும்போது இவள் மட்டும் என்ன பாவம் செய்தாள் என்று ஊர் கேட்குமே.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, யார் சொன்னார்களோ, அவளுக்கே தெரிந்துவிட்டது. அடுத்த உபதேச வகுப்பில் எழுந்து நின்றாளாம். "சாமி, அப்பத்துலயும் ஆண்டவர் முழுசா கீறாரு, திராட்சை ரசத்துலயும் முழுசா கீறாருன்னு நீங்கதானே சொல்லிக் குட்த்தீங்க? எனக்குக் கிண்ணம் மட்டும் குடுங்க சாமி" என்றாளாம். இன்னாசி சாமி அத்தோடு வகுப்பை முடித்துவிட்டாராம். அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்திருப்பார் என்று நான் பயந்தேன்.

போன வாரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு சாமியே நம் வீட்டுக்கு வந்தார். ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டாராம். இப்படிப்பட்டவர்கள் இரசத்தை மட்டும் வாங்கலாம், அதுவே முழு நன்மைதான், குறை ஒன்றும் இல்லை என்று பதில் வந்துவிட்டதாம். பூசையில் பெரிய கிண்ணத்துக்குள் அப்பத்தில் ஒரு துணுக்கைப் பிட்டுப் போடுவார்கள் இல்லையா, அதனால் அது இவளுக்கு ஆகாது என்று சாமியே யோசித்து, ஒரு சின்னக் கிண்ணத்தைத் தனியாக வைக்கிறேன் என்றார். போகும்போது பிரகாசியின் தலையில் கை வைத்து, "நான் சொல்லிக் கொடுத்ததை நானே மறந்துட்டேன், நீ மறக்கல" என்றார். உங்கள் அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அரிசி புடைத்தார்கள். சம்மதமும் இல்லை, சண்டையும் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நன்மை விஷயத்தை அக்கா முன்பே உங்களுக்கு எழுதிவிட்டார்கள் என்று அதில்தான் தெரிந்தது. "ஊர் வாயில் விழாதே, ஒரு சின்னத் துண்டுதானே, கொடுத்துவிடு" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் சொல்லை நான் தட்டியதில்லை. இந்த ஒன்றைத் தட்டுகிறேன். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், பிள்ளைமேல் வர வேண்டாம்.

இன்னொன்று. இந்த வியாதி இரத்தத்தில் வருமாம். பெற்றவர்களில் ஒருவருக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். என் இரத்தத்தைப் பார்த்தார்கள், எனக்கு இல்லை. பிறகு உங்களைப் பற்றிக் கேட்டார். உங்கள் கடிதங்களில் நீங்கள் எழுதியதையெல்லாம் சொன்னேன்: அங்கே போனதிலிருந்து வயிறு சரியில்லை, வாயில் புண் ஆறுவதில்லை, பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டியிருக்கிறது. அங்கே என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். மூன்று வேளையும் குபூஸ் ரொட்டி என்றேன். டாக்டர் உடனே, "அவரையும் அங்கே ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்கோ" என்றார். தயவுசெய்து காட்டுங்கள். கடல் காற்று, வேலைக் களைப்பு என்று எழுதித் தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஜெசிந்தா


மாதாவே துணை

பட்டினப்பாக்கம்,
9-9-1996

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நேற்று நம் பிரகாசி புதுநன்மை வாங்கினாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருக்க வேண்டும்.

உடுப்பு உங்கள் அக்கா தைத்தது. முறைத்துக்கொண்டே இருந்தாலும், அளவெடுக்க ஆள் வந்தபோது தையல்காரனுக்கு என்ன தெரியும் என்று தானே உட்கார்ந்துவிட்டார்கள். ஜூலையில் அளவெடுத்துத் தைத்ததைப் போன வாரம் போட்டுப் பார்த்தால், பக்கவாட்டில் பிடிக்கிறது, கையும் ஏறுகிறது. அக்கா தையலைப் பிரித்தார்கள். பிரிக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்து, "இத்தினி வருசத்துல இதுக்குத் துணி பத்தாம போனது இதான்டி மொத தடவை" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். ஆனால் அன்று சாயங்காலம் பார்லி டப்பாவை அக்காவே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

திருவிழாப் பூசைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய சாமி வந்திருந்தார். நன்மை கொடுப்பது அவர். பிரகாசி வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும், மற்றவர்கள் வாங்கி முடித்ததும் இன்னாசி சாமி சின்னக் கிண்ணத்தோடு வருவார் என்று பேசி வைத்திருந்தோம். பூசை தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திய சிஸ்டர் புதியவர். உயரப்படி நிற்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் மாற்றிவிட்டார். இவள்தான் எல்லோரிலும் குட்டை. கடைசியில் நின்றவளை இழுத்து முதல் ஆளாக நிறுத்திவிட்டார். நான் பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் இருந்தேன். கூட்டத்தில் என்னால் நகரக்கூட முடியவில்லை.

நன்மை நேரம் வந்தது. இவள் கை கூப்பிக்கொண்டு முதலில் போகிறாள். இன்னாசி சாமி பீடத்துக்குப் பக்கத்தில் இன்னும் கிண்ணத்தைக் கையில் எடுக்கவே இல்லை. பெரிய சாமி அப்பத்தைத் தூக்கி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். பிரகாசி வாயைத் திறக்கவில்லை.

பிள்ளை பயப்படுகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். குனிந்து, உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, இன்னொரு தடவை சொன்னார். பாட்டுப் பாடியவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி, "இன்னா பாவமோ, வாங்க மாட்டேங்குது பாரு" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கே தோன்றியது, வாங்கிவிடு மகளே, ஒரு தடவைதானே, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று.

அவள் வாங்கவில்லை. கூப்பிய கையைப் பிரித்து மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டாள். தலை குனிந்து வணங்கினாள். பிறகு நிமிர்ந்து, "சாமி, எனக்குக் கோதுமை ஆகாது சாமி. எனக்குக் கிண்ணத்துல ஆண்டவர் கீறாரு. இன்னாசி சாமி வச்சிக்கீறாரு" என்றாள்.

பெரிய சாமியின் முன்னால் மைக் இருந்தது. வெளியே திருவிழாவுக்குக் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் அவள் குரல் போயிற்று. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

பெரிய சாமி அப்பத்தைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். இன்னாசி சாமி வேகமாக வந்தார், கையில் அந்தச் சின்னக் கிண்ணம். "கிறிஸ்துவின் திருஇரத்தம்" என்றார். "ஆமென்" என்றாள் நம் பெண். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது. இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தாள். முதல் நன்மை வாங்கியது அவள்தான், மற்ற பிள்ளைகள் எல்லோரும் அவளுக்குப் பின்னால்.

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டபோது அழாமல் இருந்தாளே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணை நான் ஒடிசல் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். பாவம் என்று சொன்ன அதே பெண் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நின்றாள். நான் பேசாமல் கடந்து போகப் பார்த்தேன். உங்கள் அக்கா போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போனார்கள். "இன்னாடி சொன்னே? எங்க வூட்டுப் பொண்ணு ஆண்டவரக் கிண்ணத்தோட வாங்குனாடி. உன் பொண்ணு வாங்குச்சா? ஆயரே சொல்லிக்கீறாரு, போய்க் கேளு!" என்றார்கள். எனக்கு அந்த இடத்திலேயே அக்கா காலில் விழலாம் போல் இருந்தது. பெரிய சாமி அதற்குள் வெளியே வந்துவிட்டார். பிரகாசியைக் கூப்பிட்டுத் தலையில் சிலுவை வரைந்து, எந்த வகுப்பு, அப்பா என்ன செய்கிறார் என்றெல்லாம் கேட்டார். "நைனா மஸ்கட்ல கம்பெனிப் படகுல கீறாரு" என்றாள். அப்பாவுக்கு எழுது, இன்றைக்குப் பூசையில் நீதான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாய் என்று எழுது என்றார். அர்த்தம் அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

மத்தியானம் வீட்டில் பிரியாணி. பாயசம் சேமியாவில் செய்யாமல் ஜவ்வரிசியில் அக்காவே காய்ச்சினார்கள். டாக்டர் ஸ்ரீரஞ்சனியையும் கூப்பிட்டிருந்தேன். நம் வீட்டில் அவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். வந்தார், பாயசம் மட்டும் வாங்கி நின்றபடியே குடித்தார். பிரகாசியின் உயரத்தைக் கதவில் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பிடிச்சுடுவா" என்றார்.

சாயங்காலம் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவளிடம் கேட்டேன், அப்பத்தைப் பக்கத்தில் கொண்டு வந்தபோது உனக்கு என்ன தோன்றியது என்று. "ஆசையாத்தான் இருந்துச்சும்மா. வாய் தானா தொறந்துடுமோன்னு பல்லைக் கடிச்சிக்கினேன்" என்றாள். பிறகு விளையாட ஓடிவிட்டாள். ஓடிவிட்டாள் என்று எழுதுகிறேன், கவனித்தீர்களா?

உங்கள் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. பதில் எழுதக் கை வராமல் வைத்திருந்தேன். கேம்பில் எல்லோரும் குபூஸ்தான் தின்கிறார்கள், நான் மட்டும் பெண் பிள்ளை மாதிரி சோறு வேண்டும், டாக்டர் வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள், ஃபோர்மன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முழு வாரம் காய்ச்சல் இல்லாமலே படுத்திருந்ததையும் அதே கடிதத்தில், வேறு யாருக்கோ நடந்த மாதிரி, ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

டாக்டர் ஸ்ரீரஞ்சனி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே எந்த டாக்டரிடம் கொடுத்தாலும் புரியும் என்றார். பரிசோதனை முடியும்வரை குபூஸை நிறுத்த வேண்டாம். முடிந்த அன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் ரூமில் இருக்கும் கேரளாக்காரர்கள் சோறு ஆக்குகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்களே, அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். வேலை போனால் போகட்டும், வந்துவிடுங்கள். சைதாப்பேட்டையில் என் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை போட இடம் இருக்கிறது.

நேற்று அத்தனை பேர் முன்னால், வாயருகே வந்த ஆண்டவரையே நிறுத்தி, எனக்கு இது ஆகாது என்று சொன்னவள் உங்கள் மகள். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெரிய நெற்றியும் அந்தப் பிடிவாதமும் அவளுக்கு உங்களிடமிருந்துதான் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பிடிவாதத்தை எங்களுக்காக ஒரு தடவை காட்டுங்கள். கடல் மாதா உங்களைக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பிரகாசியின் அம்மா,
ஜெசிந்தா